குண்டின் வேகத்தை ஊஞ்சலில் அளந்தவர்!

கடலூர்க் கோட்டையில் உயிர் விட்ட கணித மேதை

மணிமங்கலம்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் உள்ள ஊர். பெரிய ஏரி. பழைய கோவில்கள். இன்று இந்த வட்டாரம் முழுவதும் தொழிற்சாலைகள். காலையிலும் மாலையிலும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன.

ஆனால் சுமார் 1,380 ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊர் ஒரு போர்க்களம்!

சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி, பெரும் படையோடு காஞ்சிபுரத்தை நோக்கி வந்தான். பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் அவனை எதிர்த்து நின்றான். மணிமங்கலத்தில் போர் நடந்தது. புலிகேசி தோற்று ஓடினான். கூரம் செப்பேட்டில் இந்த வெற்றி பொறிக்கப்பட்டு இருக்கிறது.

அந்தப் போரில் பறந்தவை அம்புகள்.

அம்பு பறப்பது கண்ணுக்குத் தெரியும். அது எவ்வளவு தூரம் போயிற்று என்பதை, நடந்து போய் அடி எண்ணித் தெரிந்து கொள்ளலாம். "கூப்பிடு தூரம்", "கல்லெறி தூரம்" என்று நாம் சொல்வது போல, "அம்பு விடும் தூரம்" என்பதும் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த அளவுதான்.

பிறகு துப்பாக்கி வந்தது.

துப்பாக்கிக் குண்டு பறப்பது கண்ணுக்குத் தெரியாது. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது பாய்ந்து முடிந்துவிடும்.

கண்ணுக்கே தெரியாத ஒன்றின் வேகத்தை அளப்பது எப்படி?

உலகத்துக்கு இதைச் செய்து காட்டியவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். அவர் பிறந்தது இங்கிலாந்தில். இறந்தது எங்கே தெரியுமா?

நம் தமிழ்நாட்டில். கடலூரில்!

குண்டு கிராமங்கள்

ராபின்ஸ் கதைக்கு முன்னால், கடலூரின் கதையைக் கேளுங்கள்.

1690-ம் ஆண்டு. செஞ்சியில் மராட்டியர் ஆட்சி. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றின் பக்கம் ஒரு சிறு கோட்டை இருந்தது. அதைக் கிழக்கிந்தியக் கும்பினி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் உள்ள புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகம் இவருடைய பெயரைத் தாங்கியதுதான்.

கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? இங்கேதான் வேடிக்கை!

கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும். குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள நிலம் எல்லாம் கும்பினிக்குச் சொந்தம். இதுதான் பேச்சு.

கும்பினிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து பெரிய பீரங்கி ஒன்றை வரவழைத்தார்கள். செப்டம்பர் மாதத்தில், நாலா திசையிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் இருந்த கிராமங்களும், கடலூர்ப் பட்டணமும் அவர்கள் கைக்குப் போயின.

அந்தக் கிராமங்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் வந்துவிட்டது.

கோட்டைக்கு, புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல, அன்று யாராலும் முடியவில்லை. விற்றவருக்கும் தெரியாது. வாங்கியவருக்கும் தெரியாது. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்!

ஏழை வீட்டுப் பிள்ளை

பெஞ்சமின் ராபின்ஸ் 1707-ம் ஆண்டு, இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். "போரே கூடாது, ஆயுதத்தைத் தொடக் கூடாது" என்று சொல்லும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அவருடைய பெற்றோர்.

பல்கலைக்கழகப் படிப்புப் படிக்க அவருக்கு வசதி இல்லை. லண்டனுக்குப் போனார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்.

ஆனால் அவருடைய அறிவு சும்மா இருக்கவில்லை. 20-வது வயதிலேயே, இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானிகள் கூடும் ராயல் சொசைட்டியில் அவர் உறுப்பினர் ஆகிவிட்டார்!

1742-ம் ஆண்டில், பீரங்கிக் கலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தச் சிறு புத்தகம் உலகத்தின் கண்ணைத் திறந்தது.

ஊஞ்சல் தந்திரம்

ராபின்ஸ் கையாண்ட தந்திரம் மிக எளியது. நம் வீட்டு ஊஞ்சலை நினைத்துக் கொள்ளுங்கள்.

அசையாமல் இருக்கும் ஊஞ்சலில் ஒரு பையன் ஓடி வந்து தாவுகிறான். ஊஞ்சல் ஆடுகிறது. மெதுவாக வந்து தாவினால் கொஞ்சமாக ஆடும். வேகமாக வந்து தாவினால் அதிகமாக ஆடும். ஆக, ஊஞ்சல் ஆடிய அளவைப் பார்த்தே, பையன் எவ்வளவு வேகமாக வந்தான் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

ராபின்ஸ் இதைத்தான் செய்தார்.

முக்காலி போல மூன்று கால்களை நிறுத்தினார். அதிலிருந்து ஒரு கனமான இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டார். அதன் முகத்தில் மரப்பலகையைப் பொருத்தினார். மொத்த எடை சுமார் 56 ராத்தல். அதாவது 25 கிலோ.

துப்பாக்கியால் அந்தப் பலகையில் சுட்டார். குண்டு மரத்தில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிட்டது. பலகை பின்னால் ஆடியது.

எவ்வளவு ஆடியது என்று எப்படித் தெரியும்? பலகையின் அடியில் ஒரு நாடாவைக் கட்டி இருந்தார். பலகை பின்னால் போகும்போது நாடாவை இழுத்துக்கொண்டு போகும். இழுபட்ட நாடாவை அளந்தால் போதும்!

குண்டின் எடை சுமார் 38 கிராம். பலகையோ அதைவிட 600 மடங்குக்கும் மேல் கனம். எனவே, பலகை பெறும் வேகம் மிகக் குறைவாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பெரிய வேகம், கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய சிறிய வேகமாக மாறிவிட்டது. பலகையின் வேகத்தைக் கண்டுபிடித்து, எடைக்குத் தக்கபடி பெருக்கினால் குண்டின் வேகம் வந்துவிடும்.

எவ்வளவு வந்தது? விநாடிக்கு 1,600 அடிக்கு மேல்!

மணிக்கு 1,700 கிலோமீட்டருக்கும் அதிகம். ஒரு மரப்பலகையும், ஒரு முழ நாடாவும் கொண்டு இதை அவர் அளந்துவிட்டார்.

காற்று கொடுத்த அதிர்ச்சி

அடுத்துச் செய்த சோதனைதான் எல்லோரையும் திகைக்க வைத்தது.

துப்பாக்கியிலிருந்து 25 அடி தூரத்தில் பலகையை வைத்துச் சுட்டார். குண்டின் வேகம் விநாடிக்கு 1,670 அடி.

75 அடி தூரத்தில் வைத்துச் சுட்டார். வேகம் 1,550 அடி.

125 அடி தூரத்தில் வைத்துச் சுட்டார். வேகம் 1,425 அடி.

அதாவது, ஒவ்வொரு 50 அடி தூரத்தைக் கடக்கும்போதும், குண்டு தன் வேகத்தில் 120 அடிக்குக் குறையாமல் இழந்துவிடுகிறது!

இழந்த வேகம் எங்கே போயிற்று? அதைத் தின்றது வேறு யாரும் அல்ல. காற்றுதான்!

"காற்று மெல்லியது. கனமான ஈயக் குண்டை அது என்ன செய்துவிடும்?" என்று அதுவரை பெரிய பெரிய கணித நிபுணர்களே நினைத்திருந்தார்கள். ராபின்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த வேகத்தில் போகும் குண்டைக் காற்று எதிர்த்துத் தள்ளும் பலம், குண்டின் எடையைப் போல் 120 மடங்கு!

38 கிராம் குண்டை, நாலரைக் கிலோ எடையை வைத்து அழுத்துவது போலக் காற்று தடுக்கிறது.

பீரங்கிக் குண்டுக்கும் இதே கதிதான். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், 24 ராத்தல் பீரங்கிக் குண்டு 16 மைல் போக வேண்டும். உண்மையில் அது 3 மைல் கூடப் போவதில்லை. 13 மைலைக் காற்று விழுங்கிவிடுகிறது!

குண்டின் வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று அதிகமாகிறது என்பதையும் ராபின்ஸ் கவனித்தார். ஒலியை மிஞ்சும் விமானங்கள் பறந்தது அதற்கு 200 ஆண்டுகளுக்குப் பிறகு!

1745-ம் ஆண்டில் அவருடைய புத்தகத்தை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் யார் தெரியுமா? உலகப் புகழ் பெற்ற கணித மேதை ஆய்லர். 1746-ல் ராயல் சொசைட்டி தன்னுடைய உயர்ந்த விருதான காப்ளி பதக்கத்தை ராபின்சுக்கு அளித்தது.

வளைந்த துப்பாக்கி

குறி பார்த்துச் சுட்டாலும் குண்டு சில சமயம் இடப்பக்கமும், சில சமயம் வலப்பக்கமும் போகிறதே, ஏன்?

ராபின்ஸ் இதையும் ஆராய்ந்தார். ஒரு துப்பாக்கிக் குழாயின் நுனியை வேண்டும் என்றே இடப்பக்கம் வளைத்தார். வழியில் வரிசையாக மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டினார். சுட்டார்.

குழாய் வளைந்தபடி, குண்டு முதலில் இடப்பக்கம் போனது. பிறகு தானாகவே திரும்பி, வலப்பக்கம் போய் விழுந்தது! திரைகளில் விழுந்த ஓட்டைகள் அந்தப் பாதையைக் காட்டிக் கொடுத்தன.

காரணம்? குண்டு குழாயின் வலது சுவரில் உரசி உருண்டு, சுழன்றுகொண்டே வெளியே வந்தது. சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். கால்பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்படியானால் குண்டை நேராகப் போக வைப்பது எப்படி? சுழற்சியை நம் விருப்பப்படி கொடுத்துவிட வேண்டும்!

பம்பரத்தைப் பாருங்கள். சுழலும் வரை சாயாமல் நிற்கிறது. சுழற்சி நின்றால் சாய்ந்துவிடுகிறது. குழாயின் உட்புறத்தில், திருகாணியின் மரை போல வரிகளை வெட்டினால், குண்டு பம்பரம் போலச் சுழன்றுகொண்டே நேராகப் பறக்கும். இந்த மரை வெட்டிய துப்பாக்கிக்குத்தான் ரைபிள் என்று பெயர்.

ரைபிள் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அதன் ரகசியத்தை யாரும் விளக்கவில்லை. ரைபிளின் தன்மையை முழுதும் உணர்ந்து தன் படைக்குக் கொடுக்கும் நாடே மற்ற நாடுகளை மிஞ்சும் என்று, 1747-ம் ஆண்டிலேயே ராபின்ஸ் கூறினார்.

அது பலிக்க 100 ஆண்டுகள் ஆயின. நம் நாட்டுச் சிப்பாய்கள் கைக்கு அந்த ரைபிள் வந்தபோது, அதன் தோட்டாவில் தடவிய கொழுப்புதான், 1857-ம் ஆண்டுப் புரட்சிக்குத் தீப்பொறி ஆயிற்று!

கடலூரில் முடிந்த வாழ்வு

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக் கொண்டார்கள். சோழமண்டலக் கரையில் கும்பினியின் தலைமை இடம், கடலூர்க் கோட்டைக்கு மாறியது. 1749-ல் சென்னை திரும்பக் கிடைத்தது. ஆனாலும் கும்பினிக்குப் பயம் போகவில்லை. கோட்டைகளைப் பலப்படுத்த நிபுணர் ஒருவர் வேண்டும் என்று தேடியது.

ராபின்சைத் தலைமை என்ஜினீயராக நியமித்தது.

அவர் கப்பல் ஏறி, 1750-ம் ஆண்டு ஜூலை மாதம் புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கடலூருக்கும் சென்னைக்கும் கோட்டைத் திட்டங்களை வகுக்கத் தொடங்கினார்.

நம் ஊர் வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வந்த சில மாதங்களிலேயே சுரம் கண்டது. தேறினார். மறுபடியும் படுத்தார்.

1751-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, ராபின்ஸ் காலமானார். வயது 44. கும்பினிக்கு அறிக்கை எழுதிக்கொண்டு இருந்தபோது, பேனா பிடித்த கையோடு உயிர் பிரிந்தது என்று சொல்வார்கள்.

அந்தக் கோட்டையும் நிலைக்கவில்லை. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து இடித்தார்கள். இன்று தேவனாம்பட்டினத்தில் இருப்பவை அதன் மிச்சங்களே.

குண்டு விழுந்த தூரத்தை வைத்து நிலம் வாங்கிய அதே கோட்டையில், குண்டு பறக்கும் கணக்கைக் கண்டுபிடித்தவரின் வாழ்வு முடிந்தது!

இன்று அளப்பது எப்படி?

இப்போது ஊஞ்சல் பலகை வேண்டியது இல்லை.

குண்டு போகும் வழியில் இரண்டு ஒளித்திரைகளை வைக்கிறார்கள். முதல் திரையைக் கடக்கும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவது திரையைக் கடக்கும்போது நின்றுவிடும். இரண்டுக்கும் இடையே 2 மீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு, அதை ஒரு விநாடியில் 400-ல் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும்! மின்னணுக் கடிகாரம் அதையும் பிடித்துவிடுகிறது.

ரேடார் கருவியும் உண்டு. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் காரைப் போலீசார் ஒரு கருவியை நீட்டிப் பிடிக்கிறார்களே, அதே தத்துவம்தான். குண்டு பறக்கும் வழி நெடுக, அதன் வேகம் எப்படிக் குறைகிறது என்பதை ரேடார் எழுதிக்கொண்டே வரும்.

இப்படி அளந்து, ஒவ்வொரு வகைக் குண்டுக்கும் ஓர் எண் கொடுக்கிறார்கள். காற்றைப் பிளந்து செல்வதில் அந்தக் குண்டுக்குக் கிடைத்த மதிப்பெண் என்று அதைச் சொல்லலாம்.

குண்டு கனமாக, ஒல்லியாக, முனை கூராக இருந்தால் மதிப்பெண் கூடும். இலேசாக, மொட்டையாக இருந்தால் குறையும். புறப்படும்போது இரண்டும் ஒரே வேகத்தில் புறப்படலாம். ஆனால் தொலைதூரம் போகப் போக, ஒன்று வேகத்தைக் காப்பாற்றிக் கொள்ளும். மற்றது சோர்ந்துவிடும்.

ரைபிள் குண்டு நேர்கோட்டில் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குழாயை விட்டு வந்த கணத்திலிருந்து அது கீழே விழுந்துகொண்டேதான் போகிறது!

விநாடிக்கு 840 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு ஒரு கிலோமீட்டர் போவதற்குள், காற்றே இல்லாவிட்டாலும் சுமார் 7 மீட்டர் கீழே இறங்கிவிடும். இரண்டு மாடி வீட்டின் உயரம்! காற்று தடுப்பதால் பயண நேரம் நீளுகிறது. அதனால் இறக்கம் இன்னும் பல மீட்டர் கூடும்.

ஊட்டியில் சுடுவதும் சென்னையில் சுடுவதும் ஒன்றல்ல. மலை உச்சியில் காற்று இலேசு. அங்கே குண்டு அவ்வளவு சீக்கிரம் வேகத்தை இழக்காது.

நீலகிரி அருவங்காட்டில், வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. திருச்சியில் 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. ஒடிசாவில் பாலசோர் பக்கத்தில் உள்ள சாந்திப்பூர் கடற்கரையில், 1895-ம் ஆண்டு முதல் பீரங்கிக் குண்டுகளைச் சுட்டுச் சோதிக்கிறார்கள். அங்கே கடல் பல கிலோமீட்டர் உள்வாங்கும். விழுந்த குண்டுகளைத் தேடி எடுத்து ஆராய அது வசதி.

ஓர் உயிர் போயிற்று

"இதெல்லாம் பட்டாளத்துக்காரர்களுக்கு. நமக்கு என்ன?" என்று கேட்கத் தோன்றும்.

நமக்கும் உண்டு!

2021-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கத்தில், துப்பாக்கி சுடும் தளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டு இருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், தாத்தா பாட்டி வீட்டில் இருந்த ஒரு சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் டாக்டர்கள் போராடினார்கள். 2022 ஜனவரி 3-ந் தேதி சிறுவன் இறந்துவிட்டான்.

ஊரே அழுதது.

இலக்குக்குச் சில நூறு மீட்டர்தான் தூரம் இருக்கும். ஆனால் இலக்கைத் தவறவிட்ட குண்டு அங்கேயே நின்றுவிடுமா? குழாய் சற்று மேல்நோக்கி இருந்தால், ரைபிள் குண்டு 3, 4 கிலோமீட்டர் வரை கூடப் போகும். ஒரு மணிமங்கலத்தைத் தாண்டி அடுத்த ஊர் வரை!

இந்தத் தூரத்தைச் சரியாக அளந்தால்தான், சுடும் தளத்தைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும், பின்னால் எவ்வளவு உயரத்துக்கு மண்மேடு வேண்டும், எந்தக் கோணத்துக்கு மேல் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது என்று விதி செய்ய முடியும். அளவை மதித்தால் உயிர் பிழைக்கும். அளவை மறந்தால் உயிர் போகும்.

காருக்கும் இதே கணக்கு

ராபின்ஸ் கண்ட உண்மை ஆயுதத்தோடு நின்றுவிடவில்லை.

மணிமங்கலத்தின் வட்டாரத்திலேயே, ஒரகடத்தில் மோட்டார் வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் மையம் இருக்கிறது. கார்களைச் சோதிப்பதில் ஒரு முறை உண்டு. காரை வேகமாக ஓட்டி வந்து, கியரை எடுத்துவிட்டு, தானாக உருள விடுவார்கள். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வேகம் குறைகிறது என்று அளப்பார்கள். அதிலிருந்து, காற்றும் சாலையும் அந்தக் காரை எவ்வளவு தடுக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

25 அடி, 75 அடி, 125 அடியில் பலகையை வைத்து ராபின்ஸ் செய்ததும் இதுதானே!

காற்று குறைவாகத் தடுத்தால் பெட்ரோல் மிச்சம். அதனால்தான் இந்தக் காலத்துக் கார்களின் முகம் வழுவழு என்று சரிந்து இருக்கிறது.

"குண்டு விழுந்த இடம் எல்லாம் எங்கள் ஊர்" என்று 1690-ல் கும்பினிக்காரர்கள் சொன்னார்கள்.

"குண்டு விழக்கூடிய இடத்தில் ஓர் ஊரும் இருக்கக் கூடாது" என்பதுதான் இன்று நமக்கு வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கைப் போடக் கற்றுக் கொடுத்தவர், நம் கடலூர் மண்ணில் உயிர் விட்ட ராபின்ஸ்!